அறுபத்தொன்றாம் கோப்பு

புக்கிட் செராயாவில் செம்பனைக்கு நோய் வந்தால்
அடியிலிருந்து வரும்.
தண்டு உள்ளுக்குள் மாவாகி, ஒருநாள் காற்றில்லாமலே
மரம் படுத்துவிடும்.
அந்தக் காளானின் வித்துகள் இரவில்தான் பறக்கின்றன.
அவற்றை எண்ணுவதற்கு எனக்குச் சம்பளம்.

சாலை ஓரத்துப் பழைய கித்தா ஸ்டோரில் ஒரு மேசை.
மேசைக் கால்களுக்கு அடியில்
ஆ ஹோக் கடையில் வாங்கிய மோட்டார் சைக்கிள் டியூப் நான்கு,
பாதிக் காற்றோடு.
மேலே ஒரு சிவப்பு லேசர். அதை இரண்டாகப் பிரிக்கிறோம்.
ஒரு பாதி நீர்த்துளிக்குள் நுழைந்து
வித்துகளில் இடறி வருகிறது.
மறு பாதி எதையும் தொடாமல்
கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு வருகிறது.
இரண்டும் சந்திக்கும் இடத்தில் விழும் வரிகளைத்தான்
கேமரா எடுக்கிறது, வித்துகளை அல்ல.

வெறும் கண்ணுக்கு அது தூரத்துத் தகரக் கூரை,
நெளிவு நெளிவாய், அவ்வளவுதான்.
கணினி ஒரு மணி நேரம் முனகிவிட்டுத்
துளியை ஆழத்தோடு திருப்பித் தரும்.
சாதாரண நுண்ணோக்கியில் திருகைத் திருப்பி
ஒரு தளத்தைப் பிடித்தால் மற்றது நழுவும்.
இதில் அந்த அவசரமில்லை.
துளி காய்ந்து, கண்ணாடித் துண்டைக் கழுவிக் கவிழ்த்து
ஆறு மாதம் ஆனபின்னும்
எண்பது மைக்ரான் கீழே இறங்கி
அங்கே ஒதுங்கிக் கிடந்த ஒன்றைக் கூர்மையாக்கலாம்.
பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதை
நான் அறிந்து இந்த ஒரு கருவிதான்
சொன்னபடி செய்கிறது.

அசைவு மட்டும் ஆகாது.
தலைமுடியின் கனத்தில் ஐந்நூற்றில் ஒரு பங்கு
கண்ணாடி நகர்ந்தால் போதும்,
வரிகள் கரைந்து சாம்பலாகும்.
பழக்குலை லோரி ஒன்று போனால் ஒரு படம் போச்சு.
லோரி நேரங்களைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்.
கலங்கிய கோப்புகளை வெள்ளிக்கிழமை தோறும் அழிப்பேன்.

ஆலையில் கொதிகலனைத் திறந்துபோட்டிருந்த வாரம்.
லோரி இல்லை, சங்கு இல்லை.
செவ்வாய் இரவு கருவியைத் தானாக ஓடவிட்டு
வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.
மூன்று நிமிடத்துக்கு ஒரு படம்; நூற்றிருபது.

நூற்றுப் பத்தொன்பது நன்றாயிருந்தன.
அறுபத்தொன்று சாம்பல்.
இரண்டு மணி பதினான்கு நிமிடம்.
ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று
தளம் தளமாக இறங்கிப் பார்த்தேன்.
சாம்பலுக்கு ஆழம் கிடையாது.
அறுபதில் மிதந்த வித்து
அறுபத்திரண்டில் சற்றே கீழே மிதந்தது,
நடுவில் எதுவும் நடக்காததுபோல.

அன்று விடியலில்தான் ரெசாவுலை
முச்சந்திக் கால்வாயில் பார்த்திருக்கிறார்கள்.
சைக்கிள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.
பங்களாக்காரன், குடித்திருப்பான் என்றது காப்பிக்கடை.
அவன் குடிக்காதவன் என்பது
காப்பிக்கடைக்கும் தெரியும்.
கேட் புத்தகத்தில் அன்றிரவு லோரியே இல்லை.
அந்தப் பக்கம் முழுக்க ஒரே பேனா, ஒரே கை.

கிராணி தேவசகாயத்திடம் சொன்னேன்.
இடியாயிருக்கும் என்றார். மழையே இல்லை.
பூனையாயிருக்கும். கதவு பூட்டியிருந்தது.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.
"பிறகு பாத்துக்கலாம்மா."

வெள்ளிக்கிழமை வந்தது.
கலங்கியவை என்ற பெட்டியில் ஒன்றே ஒன்று.
அந்தக் கணினியின் கடிகாரம்
நான்கு நிமிடம் முந்தி ஓடும்;
அதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

பாலாயில் கோப்ரல் ஹில்மி
படத்தைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார்,
தலையைச் சாய்த்தும் பார்த்தார்.
"இதில் என்ன தெரிகிறது?"
"ஒன்றும் தெரியவில்லை."
"பிறகு எதற்கு?"
அறுபதையும் அறுபத்திரண்டையும்
இரு பக்கமும் வைத்தேன்.
மலாயில் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் சொல் தீர்ந்து
இரு கையாலும் அவர் மேசையைக் குலுக்கிக் காட்டினேன்.
அவர் எழுதவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

வெளியே ஒரு லோரி, முழுப் பாரத்தோடு,
முச்சந்தியில் கியர் மாற்றிப் போனது.
அவருடைய தேநீர்க் குவளைக்குள்
விளிம்பிலிருந்து ஒரு வட்டம்,
அதற்குள் இன்னொன்று,
அதற்குள்.
அது அடங்கும்வரை இருவரும்
அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.